பொட்டலத்தில் எத்தனை கோடி என்பது மட்டும் போதாது

உயிர் உரம் தயாரிப்போருக்கும், அதற்குத் தர விதி வகுக்கும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சு கட்டி, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஊட்டும் பாக்டீரியா ரைசோபியம். நீங்கள் தயாரிக்கும், சான்று வழங்கும் ரைசோபியம் பொட்டலங்களின் மேல் ஓர் எண் இருக்கிறது: கிராமுக்கு இத்தனை கோடி உயிருள்ள செல்கள். அதைப் பெறும் முறை உங்களுக்கு மனப்பாடம். பொட்டலத்திலிருந்து 10 கிராம் எடுத்து 90 மில்லி நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஈஸ்ட் சாறும் மானிட்டாலும் கலந்த அகாரில் 0.1 மில்லி பரப்பி, 28 டிகிரி செல்சியஸில் வைக்கிறீர்கள். வேகமாக வளரும் இனங்கள் 3 முதல் 5 நாளில் காலனி கட்டும். மெதுவாக வளரும் பிராடிரைசோபியத்துக்கு 7 முதல் 10 நாள் ஆகும். காங்கோ சிவப்பை அதிகம் உறிஞ்சாமல் வெளிறி, பிசுபிசுப்பாக இருக்கும் காலனிகளை எண்ணிப் பெருக்கினால் எண் கிடைத்துவிடும்.

லிட்டருக்கு 10 கிராம் மானிட்டால், நடுநிலையை ஒட்டிய பி.எச்., இதமான வெப்பம், போட்டிக்கு யாருமில்லாத தட்டு. இவ்வளவு வசதியான இடத்தில் இந்த செல் பெருகுமா என்ற ஒரே கேள்விக்குத்தான் இந்தச் சோதனை பதில் சொல்கிறது. விதைத்தோலில் காய்ந்து, புளித்த மண்ணில் விழுந்து, வேருக்குள் நுழைந்து முடிச்சு கட்டுமா என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையும் தர விதிக்குள் கொண்டுவரச் சொல்லவே இம்மடல். அதற்கான காரணம் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதங்களில் இருக்கிறது. ஆகவே அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விதை நேர்த்தி முடிந்த கையோடு ரைசோபியத்துக்கு நெருக்கடி தொடங்குகிறது. முதலில் நீர் ஆவியாகி உப்புச் செறிவு ஏறுகிறது. பிறகு மண்ணின் அமிலமும் வெப்பமும். வேரை எட்டியதும், வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு வாசனை பிடித்து முடிச்சு தூண்டும் காரணிகளைச் சுரக்க வேண்டும். பாக்டீரியா வேருக்குள் போகும் குழாயான தொற்று இழைக்குள் நுழைந்தால் செடி ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைக் கொட்டுகிறது. கடைசியாக முடிச்சின் உள்ளே ஆக்ஸிஜன் நானோமோலார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்று கரைந்த நீரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அங்கேதான் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதியான நைட்ரஜனேஸ் வேலை செய்ய முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் செல் தன் புரதப் பட்டியலை மாற்றி எழுதியாக வேண்டும், அதுவும் சில நிமிடங்களில். புது மரபணுவைத் திறப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. மரபணுவின் செய்தியைச் சுமந்து, புரதம் கட்டும் இயந்திரமான ரிபோசோமில் முன்பே ஓடிக்கொண்டிருக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களில் எதை நிறுத்துவது, எதைச் சிதைப்பது, எதைக் காப்பாற்றுவது என்றும் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுப்பவை, தூதுகளோடு பொருந்தி அவற்றைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்களும் அவற்றைப் பிடித்து நடத்தும் புரதங்களும்.

அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது எச்எஃப்க்யூ. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் குடல் பாக்டீரியாவான எ.கோலையில் இது 102 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். ஆறு பிரதிகள் சேர்ந்து ஒரு வளையமாகும். 1968இல் க்யூ-பீட்டா என்ற வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள எ.கோலையிடமிருந்து கடன் வாங்கும் பொருளாகத்தான் முதலில் அறியப்பட்டது. வளையத்தின் ஒரு முகம், சிறு ஆர்.என்.ஏ.யின் வால்நுனியில் இருக்கும் யூ எழுத்துத் தொடரைப் பிடிக்கிறது. மறுமுகம் தூது ஆர்.என்.ஏ.யில் ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பிடிக்கிறது. விளிம்பில் நேர்மின் சுமையுள்ள ஆர்ஜினின்கள் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று பொருந்த உதவுகின்றன. இணை சேர்ந்ததும் வளையம் விலகி அடுத்த ஜோடிக்குப் போகிறது. பொருந்திய இடம் ரிபோசோம் ஏறும் இடமாக இருந்தால் புரத உற்பத்தி நிற்கும். பல நேரங்களில் ஆர்.என்.ஏஸ்-ஈ என்ற வெட்டும் நொதி வந்து அந்தத் தூதையே வெட்டிப்போடும். வேறு சில தூதுகளில் நேர் எதிராக நடக்கும்: சுருண்டு மூடிக்கிடந்த ஏறுமிடம் திறந்து உற்பத்தி தொடங்கும்.

ரைசோபியத்தில் இதன் பங்கு புதிய செய்தி அல்ல. அசோரைசோபியம் காலினோடான்ஸில் நைட்ரஜன் நிலைநிறுத்தும் மரபணுக்களை இயக்கும் நிஃப்-ஏ புரதம் உருவாக, எச்எஃப்க்யூவை ஒத்த புரதம் தேவை என்று 1994இலேயே காட்டப்பட்டது. குதிரைமசாலோடு வாழும் சைனோரைசோபியம் மெலிலோட்டியில் இந்த மரபணுவை நீக்கியபோது முடிச்சு தாமதமாகக் கட்டியது. மரபணு நீக்காத இயல்பான கிளையோடு (கிளை என்பது ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகை) கலந்து விட்டால் போட்டியில் பெரிதும் பின்தங்கியது. முடிச்சுக்குள் போனவையும் சரியாகப் பிழைக்கவில்லை. இப்போது உங்கள் சோதனையை எண்ணிப் பாருங்கள். அந்த நீக்கப்பட்ட கிளை மானிட்டால் அகாரில் வளரத்தான் செய்கிறது, சற்று மெதுவாக. அதைப் பொட்டலமிட்டு அனுப்பினால் எண்ணிக்கையில் தேறிவிடும். அப்படிப்பட்ட கிளையை யாரும் விற்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எது கெட்டாலும் கண்டுபிடிக்க முடியாத சோதனையை நம்பி இருக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதே மெலிலோட்டியில் ஏபிசிஆர்-1, ஏபிசிஆர்-2 என்று உருவத்தில் ஒத்த இரண்டு சிறு ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. சத்துகளை உள்ளிழுக்கும் போக்குவரத்துப் புரதங்களின் தூதுகளை இவை கட்டுப்படுத்துகின்றன. முதலாவது செல் பெருகிக்கொண்டிருக்கும்போதும், தொற்று தொடங்கும் கட்டத்திலும் தோன்றுகிறது. இரண்டாவது வளர்ச்சி நின்று தேக்க நிலைக்குப் போகும்போதும் உப்பு, வெப்பம் போன்ற நெருக்கடியிலும் ஏறுகிறது. ஆக, பாக்டீரியாவை வளர்க்கும் நொதிகலனிலிருந்து எந்த மணி நேரத்தில் கல்ச்சரை இறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, பொட்டலத்துக்குள் போகும் செல்லின் உள்நிலையே வேறாகிறது. எண்ணிக்கையில் இது தெரியாது.

ஒய்பிஇஒய் என்ற புரதத்தையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் இது ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி. ரிபோசோமின் 16எஸ் ஆர்.என்.ஏ.யின் வால்முனையைச் சீர்செய்வதிலும், பழுதான ரிபோசோம்களைக் கழிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. தூது ஆர்.என்.ஏ.யில் எங்கே தொடங்குவது என்று ரிபோசோம் அடையாளம் காண்பது அந்த வால்முனையால்தான். 2008இல் மெலிலோட்டியில் இதன் மரபணுவைக் குலைத்துப் பார்த்தபோது கூட்டுயிர் வாழ்வும் போயிற்று, பலவகை நெருக்கடிகளைத் தாங்கும் வலுவும் போயிற்று. இரண்டும் ஒரே இடத்தில் உடைந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. செடியோடு சேர்ந்து வாழும் திறனும் நெருக்கடியைத் தாங்கும் திறனும் பாக்டீரியாவுக்கு இரண்டு தனித் துறைகள் அல்ல. தொற்று இழை என்பதே ஒரு நெருக்கடிதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நெருக்கடித் தாங்குதிறன் என்றால் ஆர்பிஓஎஸ் என்ற சிக்மா காரணி (எந்த மரபணுக்கள் திறக்க வேண்டும் என்று காட்டும் புரதம்) என்று எ.கோலையை வைத்துப் படித்திருப்போம். குளிரில் டிஎஸ்ஆர்-ஏ என்ற சிறு ஆர்.என்.ஏ., எச்எஃப்க்யூ துணையோடு ஆர்பிஓஎஸ் தூதின் மூடிய மடிப்பைத் திறந்துவிடும் என்பது அழகான பாடம். ஆனால் ரைசோபியங்கள் ஆல்ஃபா-புரோட்டியோபாக்டீரியா. அவற்றில் ஆர்பிஓஎஸ் கிடையாது. அந்த வேலையை ஈசிஎஃப்-ஜி வகைச் சிக்மா காரணியும், அதை விடுவிக்கும் பிஎச்ஒய்ஆர் புரதமும் செய்கின்றன. எனவே ரைசோபியம் கிளையைத் தேர்ந்தெடுக்க ஆர்பிஓஎஸ் குறிப்பான்களைத் தேடும் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதேபோல் எச்எஃப்க்யூ எங்கும் ஒரே எடை கொண்டதல்ல. பேசில்லஸ் சப்டிலிஸில் அதை நீக்கினாலும் பெரிய மாற்றம் தெரிவதில்லை. வித்து (ஸ்போர்) வடிவில் விற்கப்படும் பேசில்லஸ் பொருட்களுக்கு நாங்கள் இங்கே கேட்பவை பொருந்தா.

சூடோமோனாஸ் தயாரிப்போரிடம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆர்.என்.ஏ. கட்டுப்பாடு கெட்டுப்போவது அங்கே கற்பனை அல்ல; நொதிகலனுக்குள் நடக்கும் நிகழ்வு.

வேரழுகல் பூஞ்சைகளை அடக்கும் சூடோமோனாஸ் கிளைகள் ஹைட்ரஜன் சயனைடு, டைஅசிட்டைல்ஃபுளோரோகுளுசினால் போன்ற நஞ்சுகளைச் சுரக்கின்றன. செல் வளரும் காலத்தில் ஆர்எஸ்எம்-ஏ, ஆர்எஸ்எம்-ஈ என்ற சின்னப் புரதங்கள் அந்தச் சுரப்புக்கான தூதுகளில் ரிபோசோம் ஏறும் இடத்தருகே ஜி-ஜி-ஏ என்ற எழுத்துக்கோவையில் உட்கார்ந்து உற்பத்தியை மூடி வைக்கின்றன. கூட்டம் பெருகியதும் கேக்-எஸ் என்ற உணரியும் கேக்-ஏ என்ற துணையும் விழித்து, ஆர்எஸ்எம்-எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று சிறு ஆர்.என்.ஏ.க்களை எழுதவைக்கின்றன. இவற்றின் உடல் முழுக்க அதே ஜி-ஜி-ஏ கோவைகள்தாம். மூடி வைத்திருந்த புரதங்களை இவை தம்மிடம் இழுத்துக்கொள்ள, தூதுகள் விடுபட்டு நச்சுச் சுரப்பு தொடங்குகிறது.

சத்து மிகுந்த ஊடகத்தில், எதிரிகளே இல்லாத நொதிகலனில், இந்தச் சுரப்பு வீண்செலவு. கேக்-எஸ் அல்லது கேக்-ஏ மரபணுவில் தற்செயலாகப் பிறழ்வு நேர்ந்த செல்லுக்கு அந்தச் செலவு இல்லை. அது மெல்ல மெல்லப் பெருகி இடம் பிடிக்கிறது. எண்ணிக்கைச் சோதனையில் அதுவும் ஒரு காலனி. வயலில் அதனால் பூஞ்சையை அடக்க முடியாது.

நல்ல வேளையாக இதைக் கண்டுபிடிக்கக் கொழுப்பு நீக்கிய பால் தூள் போதும். இந்தக் கிளைகள் பலவற்றில் புரதத்தைச் செரிக்கும் வெளிச்சுரப்பு நொதியும் அதே கட்டுப்பாட்டின் கீழ் இருப்பதால், பிறழ்ந்த காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் உருவாகாது. லிட்டருக்கு 10 கிராம் பால் தூள் கணக்கில் எடுத்து, தனியாக நீரில் கரைத்து, 115 டிகிரியில் 10 நிமிடம் மட்டும் வேகவைத்து நுண்ணுயிர் நீக்குங்கள். அகாரோடு சேர்த்து 121 டிகிரியில் வைத்தால் பால் கருகித் திரிந்து, வளையம் தெரியாத பழுப்புத் தட்டுதான் மிஞ்சும். அகார் 50 டிகிரிக்கு ஆறியதும் பாலைக் கலந்து ஊற்றி, மேல் ஈரம் நன்றாக உலரவிடுங்கள். தட்டுக்கு 100 காலனிக்கு மேல் வராதபடி நீர்க்கச் செய்து பரப்பி, 28 டிகிரியில் 2 அல்லது 3 நாள் வைத்துப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் பக்கத்துக் காலனியின் வளையம் வளையமில்லாததையும் மூடிவிடும். பலர் தவறுவது இங்கேதான். குறைந்தது 300 காலனிகளைப் பார்க்க வேண்டும். 300இல் ஒன்றுகூட வளையமின்றி இல்லையென்றால், பிறழ்வின் பங்கு 1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 30 காலனி பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதுவதில் பொருளில்லை.

வளையமில்லாத காலனிகளை மறுபடி கோடிழுத்து உறுதிசெய்து, சயனைடு சுரப்பையும் பாருங்கள். லிட்டருக்கு 4.4 கிராம் கிளைசின் சேர்த்த அகாரில் வளர்த்து, மூடியின் உட்புறம் பிக்ரிக் அமிலமும் சோடியம் கார்பனேட்டும் நனைத்த வடிதாளை ஒட்டி, தட்டை இறுக்கி மூடினால் போதும். மஞ்சள் தாள் செம்பழுப்பானால் சுரப்பு இருக்கிறது. பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது. எப்போதும் ஈரமாகவே வைத்திருங்கள்.

தடுக்கும் வழியும் தெரிந்ததே. ஊடகத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்க வைத்தாலோ, துத்தநாகம் போன்ற சில தாதுக்களைச் சேர்த்தாலோ பிறழ்ந்த செல்கள் குவிவது குறைகிறது என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைவிட முக்கியம், முந்தைய பேட்சின் மிச்சத்தை அடுத்த பேட்சுக்கு வித்தாக ஊற்றும் பழக்கத்தை விடுவது. கணக்கைப் பாருங்கள். ஒரே செல்லிலிருந்து மில்லிக்கு 100 கோடி வீதம் 1000 லிட்டர் நிரப்ப 50 தலைமுறை ஆகிறது. மிச்சத்தில் 5 விழுக்காட்டை எடுத்து ஊற்றும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் நான்குக்கும் அதிகமான தலைமுறை ஏறுகிறது. முன்பு குவிந்த பிறழ்வுகளும் கூடவே வருகின்றன. 20 அல்லது 25 விழுக்காடு கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் உறைந்த தாய்க் கல்ச்சரிலிருந்து ஒவ்வொரு பேட்சையும் தொடங்குங்கள். எத்தனையாவது மாற்று, அதாவது தாய்க் கல்ச்சருக்குப் பிறகு எத்தனை முறை புது ஊடகத்துக்கு மாற்றியது, என்பதைப் பேட்ச் பதிவேட்டில் எழுதுங்கள்.

பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களை வளர்ப்போருக்கும் இது பொருந்தும். நூற்புழுவின் குடலில் வாழும் ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாவில் எச்எஃப்க்யூ இல்லையென்றால் அதன் துணைச் சுரப்புகள் அற்றுப்போய், புழுவால் அதோடு வளர முடிவதில்லை என்று 2017இல் காட்டப்பட்டிருக்கிறது. புழு விளைச்சல் திடீரென்று குறைந்தால் ஊடகத்தை மட்டும் குறைசொல்லாமல் பாக்டீரியாவின் தாய்க் கல்ச்சரையும் பாருங்கள்.

மீண்டும் ரைசோபியத்துக்கு வருகிறோம். நாங்கள் கேட்கும் முதல் சோதனை விதையின் மேல் உயிர்வாழ்வு. மேற்பரப்பு நுண்ணுயிர் நீக்கிய விதைகளை வழக்கமான அளவில் நேர்த்தி செய்து 28 டிகிரியில் உலரவிட வேண்டும். 0, 4, 24, 48ஆம் மணி நேரங்களில், முறைக்கு 20 விதைகள் வீதம் மூன்று தொகுதி எடுத்து, 0.01 விழுக்காடு ட்வீன்-80 (செல்களை விதையிலிருந்து பிரிக்க உதவும் சோப்பு போன்ற பொருள்) கலந்த உப்புநீர் 20 மில்லியில் 15 நிமிடம் குலுக்கி, அந்த நீரைத் தட்டில் எண்ண வேண்டும். இறப்பு பெரும்பாலும் ஈரம் ஆவியாகும் முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும் என்பதால் 4ஆம் மணி எண்ணிக்கையைத் தவறவிடக் கூடாது. சிறு விதைக்கு ஆயிரம், நடுத்தர விதைக்குப் பத்தாயிரம், பெரிய விதைக்கு ஒரு லட்சம் செல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கீழ்வரம்பு. அதை 24ஆம் மணியில் அளந்து பாருங்கள், கலந்த உடனே அல்ல.

இந்த எண் குறைவாக வந்தால் செல்லின் நிலையை மாற்றும் வழிகள் உள்ளன. நொதிகலனிலிருந்து இறக்கும் நேரத்தை மாற்றி, வளர்ச்சியின் நடுவிலும் தேக்க நிலை தொடங்கிய பிறகும் என்று இரு கட்டத்தில் எடுத்து ஒப்பிடுங்கள். பீட் எனும் சதுப்புநில மக்குப் பொடியில் சில வாரம் ஊறிய செல்கள், கல்ச்சரிலிருந்து நேரே வந்தவற்றைவிட விதையில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கலந்த அன்றே அனுப்பும் அவசரம் கெடுதல் செய்கிறது. செல்லுக்குள் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கும் திறனை இழந்த ரைசோபியம் காய்தலில் அதிகம் மடிகிறது என்பதால், புதுக் கிளை தேர்வில் அதையும் பார்ப்பது பயனுள்ளது.

இரண்டாவது, போட்டி. குறியிட்ட உங்கள் கிளையையும் அந்தந்த மண்ணின் கிளையையும் சம எண்ணிக்கையில் கலந்து செடிக்கு விட வேண்டும். கலக்கும்போது கலங்கல் அளவை நம்பாதீர்கள். பிசின் அதிகம் சுரக்கும் கிளை உண்மையைவிட அடர்த்தியாகக் காட்டும். தட்டில் எண்ணியே கலக்குங்கள். 3 முதல் 4 வாரத்தில் குறைந்தது 50 முடிச்சுகளைப் பறித்து, 95 விழுக்காடு எத்தனாலில் சில நொடி, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடம் வைத்து, பலமுறை கழுவி நசுக்கிப் பார்க்க வேண்டும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், வேலை செய்யும் முடிச்சில் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் லெக்ஹீமோகுளோபின் இருக்கிறது; வெளுத்தோ பச்சையாகவோ இருப்பவற்றைத் தனியே எண்ணுங்கள். எதுவும் இடாத கட்டுப்பாட்டுச் செடியில் ஒரு முடிச்சு தோன்றினாலும் அந்தச் சோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டும்.

"நெருக்கடி மரபணுக்கள் ஏறுகின்றன" என்று ஆர்.என்.ஏ. அளவீட்டைச் சான்றாக இணைத்து வரும் விண்ணப்பங்களைப் பற்றி ஒரு சொல். பாக்டீரியாவில் பல தூது ஆர்.என்.ஏ.க்களின் அரைவாழ்வு சில நிமிடங்கள்தான். கல்ச்சரை அறை வெப்பத்தில் 10 நிமிடம் சுழற்றி வீழ்படிவாக்கி எடுத்தால், அளந்தது அந்தச் சுழற்சியின் நெருக்கடியைத்தான். எடுத்த நொடியிலேயே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, 5 விழுக்காடு ஃபீனால் கலந்த குளிர்ந்த எத்தனாலை ஊற்றி நிறுத்தியிருக்க வேண்டும். சிலிக்கா வடிகுழல் வைத்துப் பிரித்தவர்கள் பலருக்கு 200 எழுத்துக்குக் குறைவான ஆர்.என்.ஏ. வடிந்து போயிருக்கும், சிறு ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள்தான் அடங்கும். "இல்லை" என்று அவர்கள் எழுதுவது அந்த வடிகுழலின் குறைபாடு. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், தூது அளவு ஏறியதால் புரதமும் ஏறியது என்று கொள்ள முடியாது. இம்மடலில் சொன்ன புரதங்களின் வேலையே அந்த இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான்.

அதேபோல் ஒரு சிறு ஆர்.என்.ஏ.வை மிகையாகச் சுரக்க வைத்து "வறட்சி தாங்கும் கிளை" என்று வரும் கோரிக்கைகளையும் நிதானமாகப் பாருங்கள். எச்எஃப்க்யூ வளையங்கள் அளவோடுதான் உண்டு. ஒன்று மிகையானால் மற்ற சிறு ஆர்.என்.ஏ.க்களுக்கு இடமில்லாமல் போகும். வறட்சியில் தேறிய கிளையை அமிலத்திலும் பெராக்சைடிலும் முடிச்சிலும் சோதித்த முடிவுகளைக் கேளுங்கள்.

விதியாக நாங்கள் கேட்பது இவ்வளவே: பொட்டலத்தின் மேல் கிராமுக்கான எண்ணிக்கையோடு 24ஆம் மணியில் விதைக்கான எண்ணிக்கையும், சூடோமோனாஸ் என்றால் பார்த்த காலனிகளில் வளையமில்லாதவை எத்தனை என்பதும், தாய்க் கல்ச்சரிலிருந்து எத்தனையாவது மாற்று என்பதும் அச்சாக வேண்டும். போட்டிச் சோதனை கிளைக்கு ஒரு முறை, பதிவின்போது போதும். விதைச் சோதனைக்கு 240 விதையும் இரண்டு நாளும், பிறகு காலனி கட்டும் நாட்களும் ஆகும். அடுத்த பேட்சிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மண் நுண்ணுயிர் ஆய்வில் பணிபுரிவோர்